பழைய காருக்குப் புது ஸ்பீக்கர்: கதவைக் கழற்றப் பயப்படுகிறவர்களுக்கு

என்னிடம் இருப்பது டொயோட்டா 110 கொரோலா, ஷட்டரை, அதாவது கதவுக் கண்ணாடியை, கையால் சுற்றி இறக்கும் ரகம். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றபோது கார் மாற்றும் யோசனையைக் கைவிட்டேன். 2025-இல் திரும்பத் திறந்ததும் விலையைக் கேட்டுவிட்டு இரண்டாம் தடவையும் கைவிட்டேன். சரி, இந்தக் கிழவியோடுதான் காலம் என்றான பிறகு பாட்டையாவது ஒழுங்காகக் கேட்போமே என்று முன் கதவு ஸ்பீக்கர் இரண்டையும் நானே மாற்றினேன். முதல் தடவை பிழைத்துப்போய், இரண்டாம் தடவைதான் சரிவந்தது. அந்தப் பிழையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். பழைய காரில் எந்த விலைக்கு ஸ்பீக்கர் வாங்குகிறீர்கள் என்பதை விட, அதைக் கதவுக்குள் எப்படி உட்கார வைக்கிறீர்கள் என்பதில்தான் சத்தம் தங்கியிருக்கிறது. நடுத்தர விலை ஸ்பீக்கரைக் காற்றுக் கசியாமல் இறுக்கிப் பூட்டினால் போதும். விலை கூடிய ஸ்பீக்கரை ஆடும்படி பூட்டினால் காசுதான் நட்டம்.

பழுது ஸ்பீக்கரில்தானா?

ரேடியோ செட்டில் பேலன்ஸையும் (இடம்-வலம்) ஃபேடரையும் (முன்-பின்) ஒவ்வொரு மூலைக்காகத் தள்ளி, ஒரு நேரத்தில் ஒரு ஸ்பீக்கர் மட்டும் பாடும்படி வைத்துக் கேளுங்கள். ஒன்று மட்டும் கரகரத்தால் அந்த ஸ்பீக்கர் அல்லது அதன் வயர். நான்கும் ஒரே மாதிரி இரைந்தால் ஸ்பீக்கரைக் குற்றம் சொல்லாதீர்கள், நான்கும் ஒரே நாளில் சாகாது.

நம் ஊருக்கென்றே இன்னொரு விஷயம் இருக்கிறது. ஜப்பானில் இருந்து காரோடு வந்த பழைய செட்டுகள் அந்த நாட்டு எஃப்.எம். அலைவரிசைக்கு, அதாவது 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைக்கும் செய்யப்பட்டவை. இங்கே நிலையங்கள் 108 வரை பரந்து கிடக்கின்றன. அதனால் இங்குள்ள நிலையங்களை அந்தச் செட் பிடிக்கும் அலைவரிசைக்கு இறக்கித் தரும் பேண்ட் எக்ஸ்பாண்டர் ஒன்றை ஏரியல் வயரில் செருகியிருப்பார்கள், அது மலிவானதாக இருந்தால் அதுவே இரையும். சீடியிலோ பென்டிரைவிலோ சுத்தமாகப் பாடி, சூரியன் எஃப்.எம்.மோ சக்தி எஃப்.எம்.மோ வைக்கும்போது மட்டும் இரைந்தால் கதவைக் கழற்றாதீர்கள், ஏரியல் பக்கம் பாருங்கள்.

ஸ்பீக்கரைக் கழற்றிய பிறகு செய்யக்கூடிய சோதனை இது. ஒரு பென்டோர்ச் பற்றரியை, 1.5 வோல்ட் தான், ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். உயிர் இருந்தால் ‘டப்’ என்று கூம்பு அசையும். மீற்றர் இருந்தால் ஓமில் வையுங்கள், 4 ஓம் ஸ்பீக்கர் 3-க்கும் 4-க்கும் இடையில் ஒரு எண்ணைக் காட்டும், எதுவுமே காட்டாவிட்டால் கொயில் எரிந்துவிட்டது. என்னுடையதற்கு மீற்றர் தேவைப்படவில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி நிறுத்தும் கார், கூம்பைச் சுற்றியிருந்த நுரைப்பட்டை விரல் பட்டதும் புட்டு மா மாதிரி உதிர்ந்தது.

அளவு எடுப்பது

பழைய ஸ்பீக்கரைப் பார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள். ‘கொரோலாவுக்கு ஆறரை இன்ச்’ என்று யார் சொன்னாலும், ஆறரை என்று விற்பதில் 16 சென்டிமீற்றரும் உண்டு, 17-உம் உண்டு, ஆணித் துளைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. மூன்று அளவு வேண்டும்: கதவின் இரும்புத் தகட்டில் இருக்கும் ஓட்டையின் விட்டம், தகட்டில் இருந்து உள்ளே இருக்கும் ஆழம், தகட்டுக்கும் டோர் பேனலின் (கதவின் உள்பக்க மூடியின்) வலைக்கும் இடையிலான இடைவெளி. மூன்றாவதைப் பலரும் மறக்கிறார்கள். நடுவில் ட்வீட்டர், அதாவது கீச்சுச் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர், துருத்தி நிற்கும் வகையாக இருந்தால் வலையில் முட்டும்.

ஆழத்தை அளக்கும்போது ஷட்டரை முழுதாக இறக்கிவிட்டுத்தான் அளக்க வேண்டும். நான் கண்ணாடி மேலே இருக்கும்போது அளந்தேன். உள்ளே ஒரு குடித்தனமே நடத்தலாம் போல இடம் இருந்தது. பெரிய காந்தம் வைத்த ஸ்பீக்கராகப் பார்த்து வாங்கி, பூட்டி, பேனலையும் போட்டு முடித்துவிட்டு ஷட்டரைச் சுற்றினால், கடைசி நாலு விரல் அளவில் ‘டக்’ என்று நின்றது. கண்ணாடியின் கீழ் விளிம்பு காந்தத்தில் உட்கார்ந்திருந்தது. கையால் சுற்றியபடியால் உணர்ந்தேன். பவர் ஷட்டராக இருந்தால் மோட்டார் பேசாமல் தள்ளியிருக்கும், கண்ணாடியோ ஸ்பீக்கரோ ஒன்று போயிருக்கும். திரும்ப எல்லாம் கழற்றல்.

எதை வாங்குவது

பெட்டியில் பெரிதாக அச்சடித்த 300 வாட்ஸைப் பார்க்காதீர்கள். அது ஒரு நொடி தாங்கும் உச்சக் கணக்கு. சின்ன எழுத்தில் ஆர்.எம்.எஸ். என்று ஒரு எண் இருக்கும், அதுதான் ஸ்பீக்கர் தொடர்ந்து தாங்குவது. செட்டும் இப்படித்தான், முகத்தில் ‘50 x 4’ என்று போட்டிருந்தாலும் தொடர்ந்து தருவது ஒரு ஸ்பீக்கருக்கு 15, 20 வாட்ஸ் அளவில்தான். தனி அம்ப் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) இல்லாமல் இந்தச் செட்டோடு மட்டும் ஓட்டப் போகிறீர்கள் என்றால் நீங்கள் தேட வேண்டியது சென்சிடிவிட்டி, கொடுக்கும் வாட்ஸுக்கு எவ்வளவு சத்தம் வரும் என்ற கணக்கு, டெசிபலில் இருக்கும். 3 டெசிபல் கூடினால், அதே சத்தத்துக்குப் பாதி வாட்ஸ் போதும். 90-உம் அதற்கு மேலும் இருந்தால் நல்லது. ஓம் 4 ஆக இருக்கட்டும். 2 ஓம் ஸ்பீக்கரைச் சாதாரணச் செட்டில் கொடுத்தால் செட் சூடாகி அடங்கும்.

ட்வீட்டர் நடுவிலேயே இருக்கும் கோஆக்சியல் வகையை வாங்குங்கள். ட்வீட்டர் தனியாக வரும் கம்போனன்ட் கேட்க இனிமைதான், ஆனால் அதற்கு இடம் தேட வேண்டும், சத்தத்தை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் பெட்டியைப் பொருத்த வேண்டும், முதல் தடவைக்கு அந்தத் தலையிடி வேண்டாம். கூம்பு பிளாஸ்டிக்காகவும் அதைச் சுற்றியுள்ள பட்டை ரப்பராகவும் இருந்தால் நம் ஈரத்துக்குத் தாங்கும். நுரைப்பட்டை எப்படி முடிந்தது என்று மேலே சொல்லிவிட்டேன்.

ஸ்பீக்கரைப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பார்த்தேன். கிளிப், வாஷர் போன்ற சில்லறைச் சாமான்களுக்குப் பஞ்சிகாவத்தை. அங்கே ஒரு கடையில், “நானா, 110 கொரோலாவுக்கு டோர் பேனல் கிளிப் பத்து தாங்க” என்றேன். “இருபது எடுங்க தம்பி, கழட்டக்குள்ள விளங்கும்” என்றார். பத்துதான் எடுத்தேன். பிறகு விளங்கியது.

கதவைக் கழற்றல்

சனிக்கிழமை காலையில் தொடங்குங்கள். ஏதாவது உடைந்தால் மத்தியானத்துக்குள் கடைக்கு ஓடலாம், ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் பெரும்பாலும் பூட்டு. 10 மி.மீ. ஸ்பானரால் பற்றரியின் கழி (மைனஸ்) முனையைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். சில செட்டுகள், குறிப்பாக ஹொண்டாவில் வருபவை, மின்சாரம் போய் வந்தால் கோட் கேட்கும். அந்த எண் கையில் இல்லாவிட்டால் பற்றரியைத் தொடாமல் சாவியை வெளியே எடுத்துவிட்டு வேலை செய்யுங்கள். கதவுக்குள் ஏர்பேக் சம்பந்தமான மஞ்சள் வயர் தெரிந்தால் அதைத் தொடவே வேண்டாம், கராஜுக்குக் கொண்டுபோங்கள்.

ஆணிகள் ஒளிந்திருக்கும் இடங்கள்: கதவு திறக்கும் கைபிடிக்குப் பின்னால் ஒன்று, கை வைக்கும் இடத்துக்கு அடியில் ஒன்றோ இரண்டோ. கண்ணாடி மூலையில் உள்ள முக்கோண மூடியும் கழரும். ஒரு ஆணி விட்டுப்போனாலும் பேனல் வராது. வராத பேனலை மூர்க்கமாக இழுத்தால் வெடிக்கும், இருபத்தைந்து வருடப் பிளாஸ்டிக்.

அடுத்து ஷட்டர் சுற்றும் கைபிடி. ஆணியே இல்லாமல் இருக்கிறதே என்று கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் குதிரைலாட வடிவில் ஒரு கம்பிக் கிளிப் அதைப் பிடித்திருக்கிறது. பழைய சாரத்தில் ஒரு நீளத் துண்டு கிழித்து, கைபிடிக்கும் அதன் பின்னுள்ள வட்டத்துக்கும் நடுவே நுழைத்து, இரண்டு நுனியையும் பிடித்துச் சப்பாத்து மினுக்குவது போல இடமும் வலமும் இழுங்கள். துணியின் நூல் கிளிப்பின் நுனியைக் கவ்வி வெளியே தள்ளிவிடும். தள்ளும்போது பறக்கும், ஆகவே மறு கையால் பொத்திக்கொள்ளுங்கள். என்னுடையது பறந்து சீட் தண்டவாளத்துக்குள் போய் அரை மணித்தியாலம் தின்றது. கைபிடி எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று முதலே ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

இனிப் பேனல். கீழ் விளிம்பில் இருந்து தொடங்கி, டேப் சுற்றிய தட்டையான ஒன்றைக் கிளிப்புக்குப் பக்கத்திலேயே நுழைத்து நெம்புங்கள். கீழும் பக்கமும் விட்டதும் பேனலை மேல்நோக்கித் தூக்கினால் கண்ணாடி விளிம்பில் இருந்து கழன்றுவிடும். அப்படியே எடுத்துக்கொண்டு நடக்காதீர்கள், பின்னால் வயர் இருக்கலாம்.

பேனலுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள், கறுப்புப் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். இதைக் குப்பை என்று கிழித்து எறிந்த கார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மழைத் தண்ணீர் கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்குவது வழமைதான், கீழே உள்ள ஓட்டைகளால் வெளியேறும். அந்தத் தண்ணீர் காருக்குள் வராமல் தடுப்பது இந்தத் தாள். அது இல்லாமல் மே மாத மழைக்குள் ஒரு கிழமை ஓட்டினால் கால் விரிப்பில் கருவாட்டு மணம் வரும். ஹெயார் ட்ரையரால் பசையை இளக்கி மெதுவாக உரித்து ஒரு பக்கமாக மடித்து வையுங்கள், அதே பசை திரும்ப ஒட்டும்.

வளையம், வயர், பூட்டல்

பழைய ஸ்பீக்கர் ஆணியில் இருந்தால் கழற்றலாம். ரிவெட் அடித்திருந்தால் அதன் தலையைத் துளைபோட்டு எடுக்க வேண்டும். அந்த நேரம் புது ஸ்பீக்கரைக் கிட்டவே வைக்காதீர்கள், இரும்புத் தூளைக் காந்தம் இழுத்துவிடும், பிறகு வாழ்நாளெல்லாம் கரகரப்பு. பெயின்ட் போன தகட்டில் கொஞ்சம் பெயின்ட் தடவுங்கள், கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

புது ஸ்பீக்கர் நேரே தகட்டில் பொருந்துவது அபூர்வம், நடுவில் ஒரு வளையம் வேண்டும். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையில் வெட்டித் தருவார்கள், வேண்டாம். ஈரம் பட்டால் தேத்தண்ணியில் முக்கிய பிஸ்கட் மாதிரி ஊதும். நான் மரக்கறி வெட்டும் தடித்த பிளாஸ்டிக் பலகை ஒன்றை வாங்கி, ஸ்பீக்கர் பெட்டியில் இருந்த அட்டை அச்சை வைத்து வரைந்து, ஜிக்சோவால் வெட்டினேன். தண்ணீர் ஒன்றும் செய்யாது, ஆணியும் நன்றாகப் பிடிக்கும். வளையம் ஸ்பீக்கரைக் கண்ணாடியில் இருந்து வெளியே தள்ளியும் வைக்கும், என் ‘டக்’ அப்படித்தான் தீர்ந்தது. ஆனால் தடிப்பு கூடினால் வலையில் முட்டும், அந்த மூன்றாம் அளவு இங்கேதான் உதவும்.

வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவிலும், ஸ்பீக்கருக்கும் வளையத்துக்கும் நடுவிலும் நுரை டேப்பை இடைவெளி விடாமல் சுற்றி ஒட்டுங்கள். கூம்பு முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் ஓட்டை வழியே சந்தித்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும், முதலில் காணாமல் போவது மிருதங்கமும் தவிலும்தான்.

வயரில் எது நேர், எது கழி என்பதைப் பழைய ஸ்பீக்கரைக் கழற்ற முன்பே டேப் ஒட்டிக் குறித்து வையுங்கள். புதியதில் அகலமான முனைதான் பெரும்பாலும் நேர், பக்கத்தில் கூட்டல் குறி இருக்கும். கம்பனி ப்ளக்கை வெட்டாமல் அதற்குப் பொருந்தும் அடாப்டர் வயர் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். கிடைக்காவிட்டால் ஈயம் வைத்து, சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். முறுக்கி டேப் சுற்றினால் வெயிலில் பசை உருகி அவிழும். கழி வயரைக் காரின் தகட்டில் எர்த் பண்ணவே கூடாது, இரண்டு ஸ்பீக்கரின் கழி வயர்களை ஒன்றாக முடியவும் கூடாது, செட்டுக்குள் இருக்கும் அம்ப் எரிந்துவிடும். வயர் ஸ்பீக்கருக்கு வரும் முன் கீழே தொங்கி மேலே ஏறும்படி விடுங்கள், தண்ணீர் அந்த வளைவில் சொட்டி விழும்.

பேனலைப் போட முன்பு பற்றரியைக் கொடுத்துப் பாட விடுங்கள். இரண்டு பக்கமும் தனித்தனியே நன்றாகக் கேட்டு, பேலன்ஸை நடுவில் வைத்ததும் சத்தம் மெலிந்து தகரம் தட்டுவது போல ஆனால், ஒரு பக்கம் நேரும் கழியும் மாறிவிட்டது. அந்த ஒரு பக்கத்தை மட்டும் மாற்றிக் கொடுங்கள். ஷட்டரை முழுதாக ஏற்றி இறக்கிப் பாருங்கள், பூட்டையும் கைபிடியையும் பாருங்கள். பிறகு தாளை ஒட்டி, பேனலை மேல் விளிம்பில் கொளுவி, கிளிப் ஒவ்வொன்றும் ஓட்டைக்கு நேரே இருக்கிறதா என்று பார்த்துக் கையால் தட்டுங்கள். கம்பிக் கிளிப்பை முதலில் கைபிடியிலேயே செருகிவிட்டு, கைபிடியைத் தண்டில் வைத்து உள்ளங்கையால் ஒரு குத்து, ‘கிளிக்’ என்று உட்காரும்.

கொழும்பு காலி வீதியில் முதல் ஓட்டத்தில் எனக்கு இடது கதவில் ஒரு நடுக்கம் கேட்டது. ஸ்பீக்கரைத்தான் சந்தேகித்தேன். திரும்பக் கழற்றிப் பார்த்தால் பூட்டுக்குப் போகும் இரும்புக் கம்பி, தாளம் வரும்போதெல்லாம் தகட்டில் அடித்துக்கொண்டிருந்தது. மிஞ்சிய நுரை டேப்பில் இரண்டு சுற்றுச் சுற்றினேன், நின்றுவிட்டது. அதற்குள் பத்துக் கிளிப்பும் முடிந்து, அடுத்த சனிக்கிழமை அதே நானாவிடம் போய் நின்றேன்.