பேசர் பிளஸ் உதவியை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளும் பசிபிக் தீவு நாடுகள் சிலவும் இணைந்து செய்துகொண்ட ‘பேசர் பிளஸ்’ என்ற தடையற்ற வணிக ஒப்பந்தம், 2017 ஜூன் 14 அன்று டோங்காவின் தலைநகர் நுகுவலோபாவில் கையெழுத்தாகி, 2020 டிசம்பர் 13 அன்று நடைமுறைக்கு வந்தது. இதையொட்டிய வளர்ச்சி உதவித் திட்டம், சுங்கம், தாவரநலச் சோதனை, தரக் கட்டுப்பாடு போன்ற துறைகளில் தீவு நாடுகளின் திறனை வளர்க்க நிதியும் பயிற்சியும் தருகிறது. அந்த உதவி பயன் தந்ததா என்று ஆராய்பவர்கள் பெரும்பாலும் ஒரே வகைத் தவறுகளைத்தான் செய்கிறார்கள்.

முதல் தவறு, ஒப்பந்தத்துக்கு முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகளை எளிதாக ஒப்பிட்டுவிடுவது. கொரோனாவால் தீவுகளின் எல்லைகள் மூடிக் கிடந்த காலத்தில்தான் இது அமலுக்கு வந்தது. 2022 ஜனவரியில் டோங்காவை எரிமலை வெடிப்பும் ஆழிப்பேரலையும் தாக்கின. 2021-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டால், சுற்றுலாப் பயணிகள் திரும்பி வந்ததே ஒப்பந்தத்தின் சாதனையாகத் தோன்றும்.

இதைவிடப் பெரிய பிழை, சந்தை புதிதாகத் திறந்தது என்று எண்ணுவது. 1981 முதலே ‘ஸ்பார்டெகா’ ஒப்பந்தத்தின்படி தீவு நாடுகளின் பெரும்பாலான பொருள்கள் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் வரியின்றிச் சென்றுகொண்டிருந்தன. ஆகவே புதிதாக வரி குறைப்பவர்கள் தீவு நாடுகளே. ஏற்றுமதி கூடினால் அதற்குக் காரணம் வரிச்சலுகை என்று எழுதுவது பொருந்தாது. சமோவாவின் சேப்பங்கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள்: 1993-இல் இலைக்கருகல் நோய் பரவியதும் ஏற்றுமதி சரிந்தது, மீண்டு வர நோய் தாங்கும் ரகங்கள் தேவைப்பட்டன. வரி அங்கே ஒரு பொருட்டே அல்ல. எனவே மதிப்பீட்டாளர் கேட்க வேண்டியது, தாவரநலச் சான்றிதழ் கிடைக்க எத்தனை நாள் ஆகிறது, துறைமுகத்தில் எத்தனை பெட்டிகள் பூச்சிக்காகத் திருப்பி அனுப்பப்படுகின்றன என்பது போன்ற கேள்விகளையே.

பசிபிக் தீவுகளில் பானம் தயாரிக்கப் பயன்படும் காவா வேர் இன்னும் நல்ல பாடம். 2021 டிசம்பரில் ஆஸ்திரேலியா தன் சொந்தக் கொள்கை முடிவாக, சோதனை முறையில் காவாவின் வணிக இறக்குமதியை அனுமதித்தது. வனுவாட்டு, டோங்கா ஆகியவற்றின் ஏற்றுமதி இதனால் உயர்ந்தால் அதை உதவித் திட்டத்தின் கணக்கில் சேர்ப்பவர்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்தே இடாத ஃபிஜியும் அதே வாய்ப்பைப் பெற்றதை மறந்துவிடுகிறார்கள். ஃபிஜியையும் பப்புவா நியூகினியையும் போல வெளியே நின்ற நாடுகள்தாம், ‘ஒப்பந்தம் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்’ என்ற கேள்விக்குக் கிடைக்கும் மிக நெருங்கிய ஒப்பீடு. அது குறையுள்ள ஒப்பீடுதான். ஃபிஜியின் பொருளாதாரம் அளவிலேயே வேறு. ஆனால் ஒப்பீடே இல்லாமல் இருப்பதைவிட மேல்.

பயிற்சிப் பட்டறைகளையும் வந்தவர்களின் தலைகளையும் எண்ணுவது வழக்கமாகிவிட்டது, அது எளிது என்பதால். ஒரு சிறு தீவின் சுங்க அலுவலகத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் இடம் மாறினாலோ, வேலை தேடி வெளிநாடு சென்றாலோ, பட்டறையின் பலன் அவரோடு போய்விடும். இரண்டு ஆண்டு கழித்து அந்த மேசையில் யார் அமர்ந்திருக்கிறார் என்று பார்த்த அறிக்கைகள் அரிது. விழுக்காடுகளிடமும் எச்சரிக்கை தேவை: மக்கள் தொகை இரண்டாயிரத்தை எட்டாத நியூவேயில் ஒரே ஒரு சரக்குப் பெட்டி ஏற்றுமதியை இரட்டிப்பாக்கிவிடக்கூடும்.

செலவுப் பக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. பசிபிக்குக்குத் தரும் உதவியில் ஐந்தில் ஒரு பங்கை வணிகம் சார்ந்த பணிகளுக்கு ஒதுக்குவதை ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய இரு கொடை நாடுகளும் இலக்காக ஏற்றுள்ளன. முன்பே நடந்துவந்த சாலை, துறைமுகத் திட்டங்களுக்கு வணிக உதவி என்று புதுப்பெயர் சூட்டினாலும் அந்தப் பங்கு உயரும். அதேவேளை, இறக்குமதி வரி குறையும்போது தீவு அரசுகள் இழக்கும் வருவாய் எந்த உதவிக் கணக்கிலும் வராது. அது அந்தந்த நாட்டு நிதியமைச்சகத்தின் ஏடுகளில் இருக்கும், அங்கே போய்த்தான் தேட வேண்டும்.