பெங்களூருல லீஸுக்கு வீடு எடுக்கறவங்க, பணம் குடுக்கறதுக்கு முன்னாடி படிங்க

அல்சூர், முருகேஷ்பாளையம், ராமமூர்த்தி நகர் பக்கம் வீடு தேடற நம்ம ஊர்க்காரங்ககிட்ட புரோக்கர் கண்டிப்பா சொல்வாரு, "மாசாமாசம் வாடகை எதுக்கு சார் தண்டமா, லீஸுக்குப் போயிடுங்க"ன்னு. 15 லட்சமோ 20 லட்சமோ மொத்தமா குடுத்துட்டா வாடகை கிடையாது, காலி பண்ணும்போது முழுசா திரும்பி வந்துரும்னு பேச்சு. ஊர்ல ஒத்திக்கு இருந்து பழகினவங்களுக்கு இதுல சந்தேகமே வராது. ஆனா ஊர்ல ஓனர் யாரு, அவங்க அப்பா யாருன்னு தெரியும், பேச்சு மாறினா நாலு பெரியவங்க கூடிக் கேப்பாங்க. இங்க கேக்க ஆள் இல்ல.

சாதா வாடகைன்னா ஈ-ஸ்டாம்ப்போட 11 மாச அக்ரிமென்ட் போடுங்க, அட்வான்ஸ பேங்க் வழியா அனுப்புங்க, காலி பண்றப்போ பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பாங்கன்னு எழுதி வாங்கிக்கோங்க, போதும்.

லீஸ் அப்படி இல்ல. என் ஃப்ரெண்டு கரூர்க்காரன், அப்பா நிலம் வித்த காசும் வைஃப் நகைய அடகு வெச்ச காசும் சேர்த்து 14 லட்சம் குடுத்தான். ஓனரும் தன்மையாத்தான் பேசுவாரு, சங்கராந்திக்கு எள்ளு வெல்லம் எல்லாம் கொண்டாந்து குடுத்தவரு. ஒரு நாள் ஆபீஸ் விட்டு வந்தா கதவுல பேங்க் நோட்டீஸ் ஒட்டியிருக்கு. அந்த வீட்டு மேல லோன் வாங்கி ஓனர் கட்டவே இல்ல, போன் பண்ணா ஸ்விட்ச் ஆஃப், போலீஸ் ஸ்டேஷன் போனா சிவில் மேட்டர்னு திருப்பி அனுப்பிட்டாங்க. கைக்குழந்தையோட அந்தப் பொண்ணு அழுதத நெனச்சா இன்னிக்கும் எனக்கு வயிறு எரியுது.

கவனமா கேளுங்க, வீடு நம்ம கையில இருக்கு அதனால பணம் பத்திரம்னு நெனைக்கறதுதான் ஆபத்து. லோன் கட்டலைன்னா 2002 சர்ஃபேசி சட்டப்படி (வராக் கடன பேங்க் வசூல் பண்றதுக்கான சட்டம்) பேங்க் ஓனருக்கு 60 நாள் நோட்டீஸ் குடுத்துட்டு வீட்ட எடுத்துக்கலாம், அந்த நோட்டீஸ் ஓனருக்குத்தான் போகும், நமக்கு வராது. ஒரு வருஷத்துக்கு மேல லீஸ்னா சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல பதிஞ்சே ஆகணும், நோட்டரி சீல் அதுக்கு ஈடாகாது. பதியாத அக்ரிமென்ட்ட வெச்சுக்கிட்டு பேங்க்குக்கு எதிரா ஒரு வருஷத்துக்கு மேல குடியிருக்க உரிமை கேக்க முடியாதுன்னு 2019ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. அதனால "ரிஜிஸ்டர் எதுக்கு சார், வீண் செலவு"ன்னு ஓனர் சொன்னா அந்த வீடே வேணாம், எழுந்து வந்துருங்க.

அட்வான்ஸ் டோக்கன் குடுக்கறதுக்கு முன்னாடியே கர்நாடகா பதிவுத்துறையோட காவேரி ஆன்லைன் வெப்சைட்ல ஈசி, அதாவது வில்லங்கச் சான்று, போட்டுப் பாருங்க. அதோட விட்டுராதீங்க, பத்திரத்த பேங்க்ல வெச்சு வாங்கின லோன் பதியாம இருந்தா ஈசில வராது. அதுக்கு செர்சாய்ங்கற, சொத்து மேல வாங்கின கடன்கள பதிவு பண்ற மத்திய வெப்சைட்ல சின்ன ஃபீஸ் கட்டி அந்த சொத்து மேல கடன் இருக்கான்னு யாரு வேணா தேடலாம். ஒரிஜினல் பத்திரத்த கண்ணால காட்டச் சொல்லுங்க, ஜெராக்ஸ் மட்டும் நீட்டினா ஒரிஜினல் எங்கன்னு கேளுங்க, கூச்சப்படாதீங்க, 14 லட்சம் குடுக்கறது நீங்க. ஈ-காத்தாவுல (சொத்து யாரு பேர்ல இருக்குன்னு காட்டற மாநகராட்சி பதிவு) இருக்கற பேரும் அக்ரிமென்ட்ல கையெழுத்து போடறவர் பேரும் பணம் போற அக்கவுன்ட் பேரும் ஒண்ணா இருக்கணும். நடுவுல ஒரு கம்பெனி வந்து ஓனருக்கு நாங்க வாடகை கட்டிக்கறோம், லீஸ் பணத்த எங்ககிட்ட குடுங்கன்னா குடுக்கவே குடுக்காதீங்க, அவங்க கட்டறத நிறுத்தினா ஓனர் உங்களத்தான் காலி பண்ணச் சொல்வாரு.

ஏற்கனவே கதவுல நோட்டீஸ் ஒட்டிட்டாங்கன்னா ஓனர் பின்னாடி அலையாம அக்ரிமென்ட், பணம் போட்ட பேங்க் ஸ்டேட்மென்ட், கரன்ட் பில் எல்லாத்தையும் எடுத்துட்டு உடனே வக்கீல பாருங்க, குடியிருக்கறவங்களும் டிஆர்டில (கடன் வசூல் தீர்ப்பாயம்) மனு போடலாம், அதுக்கு 45 நாள்தான் டைம்.