ரிக்விர்: ஓர் ஒயின் சிற்றூரை நடந்து காண வழிகாட்டி

பிரான்சின் கிழக்கு எல்லையோரம், அல்சாஸ் வட்டாரத்தில், கோல்மார் நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 13 கி.மீ. தொலைவில் உள்ளது ரிக்விர். மதில் சூழ்ந்த இந்தச் சிற்றூரில் சுமார் ஆயிரம் பேரே வாழ்கிறார்கள். வருவோரில் பலர் பெரிய தெருவில் ஒருமுறை மேலும் கீழும் நடந்து, வண்ணம் பூசிய மரச்சட்ட வீடுகளைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்த வீடுகளைக் கட்டியெழுப்பிய செல்வம் சுற்றியுள்ள சரிவுகளில் விளைந்தது. ஆகவே முதலில் திராட்சைத் தோட்டங்களில் நடந்துவிட்டு, பிறகு ஊருக்குள் நுழைவதே நல்லது.

பாரிசிலிருந்து அதிவேக ரயிலில் கோல்மாருக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகும். அங்கிருந்து நேரே ரிக்விருக்குச் செல்லாமல், பேருந்தில் ரிபோவில் என்ற ஊருக்குச் சென்று, உனாவிர் வழியாக ஏறத்தாழ 5 கி.மீ. நடந்து வாருங்கள். திரும்பும் பேருந்தின் நேரத்தை, குறிப்பாக ஞாயிற்றுக்கிழமை என்றால், புறப்படும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ரிபோவிலுக்கு மேலே காட்டுக்குள் மூன்று பழைய கோட்டைகள் உள்ளன. அவற்றுக்கு ஏறுவதென்றால் தனியாக அரை நாள் ஒதுக்க வேண்டும். உனாவிரில் திராட்சைக் கொடிகளுக்கு நடுவே, மதிலும் கொத்தளங்களும் கொண்ட ஒரு தேவாலயம் நிற்கிறது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் பல நூற்றாண்டுகளாக அதைப் பகிர்ந்துகொண்டு வழிபடுவதை அறிந்து பார்க்கும்போது அந்தக் கட்டடத்தின் மீது தனி மதிப்பு உண்டாகிறது.

உனாவிரிலிருந்து ரிக்விரை நோக்கி வரும்போது ஷோனன்பூர்க் சரிவைக் கடப்பீர்கள். இங்கே சற்று நேரம் நிற்க வேண்டும். மேற்கே உயர்ந்து நிற்கும் வோஸ்ஜ் மலைத்தொடர் அட்லாண்டிக் பக்கமிருந்து வரும் மழை மேகங்களைத் தடுத்துவிடுவதால், கோல்மார் பகுதி பிரான்சிலேயே மழை குறைந்த இடங்களுள் ஒன்றாக இருக்கிறது; அதனால் இலையுதிர்காலத்தில் வெயில் நீடிக்கிறது, பழங்களும் கொடியிலேயே நெடுநாள் தங்கி நிதானமாகப் பழுக்கின்றன. தெற்கும் தென்கிழக்கும் நோக்கிய இந்தச் சரிவின் சுண்ணாம்புக் களியும் ஜிப்சமும் கலந்த மண் ரீஸ்லிங் திராட்சைக்குப் பெயர்பெற்றது. ஊருக்குக் கீழே உள்ள ஸ்போரன் தோட்டத்தின் கனமான களிமண்ணிலோ கெவூர்ஸ்ட்ராமினர் என்ற திராட்சை வகை சிறக்கிறது. இரண்டும் அல்சாஸின் 51 ‘கிராண்ட் க்ரூ’ (மிக உயர்ந்த தரம் என அங்கீகரிக்கப்பட்ட) தோட்டங்களைச் சேர்ந்தவை. செப்டம்பர், அக்டோபர் அறுவடைக் காலத்தில் தோட்டப் பாதைகள் சில மூடப்படலாம். அந்த அறிவிப்புகளை மதித்து நடங்கள், ஒரு பழத்தையும் பறிக்காதீர்கள்.

ஊருக்குள் முதலில் காண வேண்டியது 1291ஆம் ஆண்டில் எழுந்த டோல்டர் காவல் கோபுரம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களிலும் டிசம்பர் கிறிஸ்துமஸ் சந்தையின்போதும் பகலில் தெரு நெரிசலாகிவிடுவதால், அந்த நாட்களில் கோபுரத்தைக் காலையிலேயே பார்த்துவிடுவது நல்லது.

ஒயினை ருசி பார்க்க உற்பத்தியாளர்களின் நிலவறைகளுக்குச் செல்லுங்கள். இனிப்பற்ற ரீஸ்லிங்கில் தொடங்கி, பினோ கிரி, மணம் மிகுந்த கெவூர்ஸ்ட்ராமினர் என்று படிப்படியாகச் சென்று, தாமத அறுவடையில் கிடைத்த இனிப்பு ஒயினைக் கடைசியில் சுவைக்க வேண்டும். இனிப்பை முதலில் குடித்தால் அதற்குப் பின் வரும் எதுவும் புளிப்பாகவே தோன்றும். வாயில் வைத்துச் சுவைத்தபின் அதற்கென வைத்திருக்கும் பாத்திரத்தில் துப்பிவிடுவது அங்கே மரியாதைக் குறைவு அன்று. பிரான்சின் பல வட்டாரங்களில் புட்டியின் மீது ஊர்ப்பெயரே முன்னிற்கும்; அல்சாஸில் திராட்சை வகையின் பெயரும் எழுதப்பட்டிருப்பதால், புதியவர்களும் எளிதில் தேர்ந்தெடுக்கலாம்.

நேரமிருந்தால் தெற்கே மிட்டல்விர், பென்விர் ஊர்களுக்கும் நடந்து செல்லுங்கள். 1944–45 குளிர்காலப் போரில் அவை ஏறக்குறைய முற்றிலும் அழிந்து, பின்னர் புதிதாகக் கட்டப்பட்டன. இவ்வளவு அருகில் இருந்தும் ரிக்விர் பெரிய சேதமின்றித் தப்பியது. நோபல் அமைதிப் பரிசு பெற்ற மருத்துவர் ஆல்பர்ட் ஷ்வைட்சர் 1875இல் பிறந்த கைசர்ஸ்பெர்க் சற்றுத் தொலைவில் உள்ளதால் அங்கே செல்லக் கார் வசதியானது. ஆனால் பிரான்சில் ஓட்டுநரின் ஒரு லிட்டர் இரத்தத்தில் ஆல்கஹால் 0.5 கிராமை எட்டினாலே குற்றம். ஆகவே கார் ஓட்டுபவர் அன்று ஒயினைத் தொடாமல், பிடித்த புட்டியை வாங்கிச் சென்று தங்குமிடத்தில் திறந்துகொள்ளட்டும்.