சுற்றுலா படிக்க நெதர்லாந்து போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயணம் பிடிக்கும் என்பதற்காகவே சுற்றுலாப் படிப்பைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் நிறையப் பேர். அதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் நெதர்லாந்தில் வகுப்பு தொடங்கிய சில வாரங்களிலேயே அவர்களில் பலர் குழம்பிப்போகிறார்கள். அங்கே பயணியைப் பற்றிய பேச்சு குறைவு, ஊரைப் பற்றிய பேச்சுதான் அதிகம். ஒரு ஊருக்கு வெளியாட்கள் வந்தால் அங்கே குடியிருக்கிறவருக்கு என்ன கிடைக்கிறது, என்ன பறிபோகிறது, அந்த ஊர்க்காரர் தன் ஓய்வு நேரத்தை எங்கே கழிக்கிறார், கலையையும் கைத்தொழிலையும் வைத்து ஊரை எப்படி வளர்க்கலாம் என்று பாடம் போகும். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாததால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

நெதர்லாந்தின் தெற்கே பிராபாண்ட் மாகாணத்தில் பிரேடா என்ற ஊர் இருக்கிறது. 1966-இல் சுற்றுலாவுக்கென்றே அங்கே தொடங்கப்பட்ட கல்வி நிலையம்தான் இன்றைய பிரேடா பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகம். சுற்றுலா, ஓய்வு நேரம், நிகழ்வு மேலாண்மை என்று பல பாடங்களைப் பல நாட்டு மாணவர்களுக்கு ஆங்கிலத்திலேயே நடத்துகிறார்கள். வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் சுற்றுலாவைச் சமூகத்தோடும் சுற்றுச்சூழலோடும் சேர்த்துப் படிக்கும் முதுகலைப் படிப்பு உண்டு. இந்த மாதிரிப் படிப்புகளுக்குப் போகிறவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

விண்ணப்பத்திலேயே தொடங்கும் சறுக்கல்

விருப்பக் கடிதத்தின் முதல் வரி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "சிறு வயதிலிருந்தே எனக்குப் புதிய இடங்களைப் பார்ப்பதில் ஆர்வம் அதிகம்." ஏஜென்ட் எழுதிக் கொடுத்த கடிதமாக இருந்தால் அதோடு "உலகத் தரம் வாய்ந்த கல்வி" என்பதும் சேர்ந்துகொள்ளும். படிக்கிறவருக்கு உங்களைப் பற்றி இதில் ஒன்றுமே தெரியாது.

செங்கல்பட்டுப் பக்கம் வளர்ந்த மாணவர் என்று வைத்துக்கொள்வோம். மாமல்லபுரத்தில் சனி, ஞாயிறு வரும் கூட்டத்தை அவர் வருடக்கணக்காகப் பார்த்திருப்பார். வந்தவர்கள் கடற்கரைக் கோயிலைப் பார்த்துவிட்டு, மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு, மாலையில் வண்டி ஏறிவிடுகிறார்கள். தெருவோரப் பட்டறையில் உளியோடு உட்கார்ந்திருக்கும் சிற்பியிடம் நின்று பேசுகிறவர்கள் எத்தனை பேர்? அரை நாள் அந்தப் பட்டறையில் உட்கார்ந்து கல் செதுக்கக் கற்றுக்கொள்ள வழியிருந்தால் சிற்பிக்கு அது வருமானமா, வேலைக்கு இடைஞ்சலா? இந்தக் கேள்வியைக் கடிதத்தில் நாலு வரி எழுதினால் போதும், நீங்கள் எதைப் படிக்க வருகிறீர்கள் என்பது புரிந்துவிடும். வருகிறவர் வேடிக்கை பார்ப்பதோடு நில்லாமல் உள்ளூர்க்காரரிடம் ஒன்றைக் கற்றுக்கொண்டு போவதற்குத்தான் 'படைப்புச் சுற்றுலா' என்று 2000-ஆம் ஆண்டில் கிரெக் ரிச்சர்ட்ஸ், கிறிஸ்பின் ரேமண்ட் என்ற சுற்றுலாத் துறைக்காரர்கள் இருவர் பெயர் வைத்தார்கள். நீங்கள் ஏற்கெனவே பார்த்த ஒன்று அங்கே பாடமாகவே இருக்கிறது.

அப்புறம், படிப்பின் வகை. நெதர்லாந்தில் பயன்பாட்டு அறிவியல் பட்டம் வேறு, ஆராய்ச்சிப் பல்கலைக்கழகப் பட்டம் வேறு. முதலாவதில் நிறுவனங்கள் கொடுக்கும் வேலைகள், பயிற்சிக்காலம் என்று கைவேலை அதிகம். இரண்டாவதில் கோட்பாடும் ஆய்வேடும் அதிகம். பின்னால் பிஎச்.டி. செய்யும் எண்ணம் இருப்பவர் இதைப் பார்க்காமல் சேர்ந்துவிட்டுத் தவிப்பதுண்டு. ஒரே வளாகத்தில் இரண்டு வகையும் இருக்கலாம் என்பதால் கல்லூரியின் பெயரை மட்டும் பார்க்காமல், அந்தப் படிப்புக்கு எந்த வகைப் பட்டம் என்று எழுதிக் கேளுங்கள்.

"இன்னும் அதிகப் பேரை வரவழைக்கலாம்"

முதல் குழுப் பணியில் ஒரு ஊரையோ அருங்காட்சியகத்தையோ கொடுத்து யோசனை சொல்லச் சொல்வார்கள். நம் மாணவர்கள் உடனே விளம்பரத் திட்டம் தயாரிப்பார்கள். இன்ஸ்டாகிராம் பக்கம், செல்ஃபி எடுக்க ஒரு இடம், கூட்டம் கூட்ட ஒரு திருவிழா. நெதர்லாந்தில் இது எடுபடாது. ஆம்ஸ்டர்டாமின் அருங்காட்சியகச் சதுக்கத்தில் 'ஐ ஆம்ஸ்டர்டாம்' என்று ஆளுயரத்துக்கும் மேலான எழுத்துகள் இருந்தன. உலகமே அதன்மேல் ஏறி நின்று படம் எடுத்தது. 2018 டிசம்பரில் நகரசபையே அதை அங்கிருந்து எடுத்துவிட்டது. அடுத்த ஆண்டு நாட்டின் சுற்றுலா அமைப்பும் 2030-ஐ நோக்கிய தன் திட்டத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: இனி விளம்பரம் செய்வதைவிட, வருகிறவர்களை ஊர் தாங்கும்படி நிர்வகிப்பதுதான் வேலை. இப்படிப்பட்ட நாட்டில் நின்றுகொண்டு வருகையாளர் எண்ணிக்கையைக் கூட்டுவதையே வெற்றியாகக் காட்டினால், ஆசிரியர் கேட்கும் முதல் கேள்வி "யாருக்கு வெற்றி?" என்பதாகத்தான் இருக்கும்.

இதற்கு நேர் எதிராக இன்னொரு தவறு, கூட்டமே கூடாது என்று நினைப்பது. இந்த இடத்தில் அதே பிராபாண்ட் மாகாணத்தில் இருக்கும் டென் போஸ் நகரத்தின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் வேலை அது.

ஹிரோனிமஸ் போஸ் என்ற ஓவியர் பிறந்து, வாழ்ந்து, 1516-இல் இறந்த ஊர் அது. விசித்திரமான உருவங்களும் நரகக் காட்சிகளும் நிறைந்த அவருடைய ஓவியங்கள் உலகப் புகழ் பெற்றவை. ஆனால் அவற்றில் ஒன்றுகூட அந்த ஊரிடம் இல்லை. மாட்ரிட், வெனிஸ், லண்டன், நியூயார்க் என்று சிதறிக் கிடக்கின்றன. பதிலுக்குக் கடன் கொடுக்கக் கையில் ஒரு ஓவியமும் இல்லாத சிறிய ஊர், அவருடைய 500-ஆவது நினைவு ஆண்டுக்கு அவற்றை எப்படிக் கேட்டு வாங்கும்?

அவர்கள் பணத்தைக் காட்டவில்லை, அறிவைக் காட்டினார்கள். போஸின் ஓவியங்களை ஆராயவும் பாதுகாக்கவும் ஒரு பெரிய ஆய்வுத் திட்டத்தை 2010-இல் தொடங்கினார்கள். வல்லுநர்கள் அருங்காட்சியகம் அருங்காட்சியகமாகப் போய், ஒவ்வொரு படைப்பையும் ஒரே முறையில் படமெடுத்து, வண்ணத்துக்கு அடியில் இருப்பதையும் ஆராய்ந்தார்கள். சில ஓவியங்களைச் சீர்படுத்தவும் உதவினார்கள். ஓவியத்தை வைத்திருந்தவர்களுக்கு இது தேவைப்பட்ட உதவி. பலன், 2016-இல் எஞ்சியிருக்கும் சுமார் 24 ஓவியங்களில் 17 சொந்த ஊருக்கு வந்தன. சில மாதங்களில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து பார்த்தார்கள். அதோடு ஊரின் கலைஞர்களும் குடியிருப்பவர்களும் சேர்ந்து, போஸின் கற்பனையிலிருந்து பிறந்த மிதக்கும் சிற்பங்களை டொம்மெல் ஆற்றில் ஊர்வலமாக விடுகிறார்கள். கண்காட்சி முடிந்த பிறகும் அந்த ஊர்வலம் நடக்கிறது.

மாணவர்கள் இந்தக் கதையைக் கேட்டதும் செய்யும் தவறு என்ன தெரியுமா? அடுத்த பணியிலேயே "நாமும் ஒரு ஓவியக் கண்காட்சி வைப்போம்" என்று எழுதுவார்கள். டென் போஸிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கண்காட்சியை அல்ல. ஊரிடம் என்ன இல்லை என்பதை மறைக்காமல், வேறு எதைக் கொடுக்க முடியும் என்று தேடிய வழியைத்தான். கூடவே, அந்த ஒரு கண்காட்சிக்குப் பின்னால் பல வருட வேலை இருந்ததையும். பத்து வாரப் பாடத்தில் பத்து வருடத் திட்டத்தை எழுத முடியாதுதான். ஆனால் முதல் வருடம் எது, ஐந்தாம் வருடம் எது, செலவு யார் தலையில் என்றாவது எழுதலாம்.

ஓய்வு நேரத்தைச் சுற்றுலாவின் ஒரு மூலையாக நினைப்பது

ஓய்வு நேரம் என்பது சுற்றுலாவைவிடப் பெரிய விஷயம். ஒரு மனிதர் வருடத்தில் சில நாள்தான் சுற்றுலாப் பயணி. மற்ற நாளெல்லாம் பூங்காவிலும் விளையாட்டு மைதானத்திலும் டீக்கடையிலும் பாட்டு வகுப்பிலும் நேரம் கழிக்கிற உள்ளூர்க்காரர்.

பிராபாண்டில் இதைப் பார்க்க நல்ல சமயம் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும் கார்னிவல் என்ற வேடமணிந்து கொண்டாடும் திருவிழா. அந்தச் சில நாள்களுக்கு ஊர்கள் தங்கள் பெயரையே மாற்றிக்கொள்ளும். டென் போஸ் 'உடெல்டோங்க்' ஆகிவிடும், பிரேடா 'கீலெகாட்' ஆகிவிடும். உடெல்டோங்க்கில் உள்ளூர்க்காரர்கள் நீல நிற விவசாயி மேலங்கியும், சிவப்பு, வெள்ளை, மஞ்சள் கலந்த கழுத்துத் துண்டும் அணிவார்கள். கடையில் வாங்கிய பளபளப்பான வேடத்தில் வருகிறவரைப் பார்த்தவுடனே வெளியூர் என்று தெரிந்துவிடும். இந்தக் கொண்டாட்டத்தை "உலகச் சந்தைக்குக் கொண்டுபோகலாம்" என்று ஒரு மாணவர் குழு எழுதினால், கொண்டாடுகிறவர்களை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம். சில விஷயங்களை விற்காமல் விடுவதும் நல்ல சுற்றுலாத் திட்டம்தான்.

களப்பணியிலும் இதே கதை. சனிக்கிழமை மத்தியானம் கடைவீதியில் நின்று, ஆங்கிலம் பேசுகிறவர்களாகப் பார்த்துப் படிவம் நிரப்பினால் கிடைப்பது மாணவர்கள், சுற்றுலாப் பயணிகள், அவசரமில்லாத சிலர், அவ்வளவுதான். அந்தத் தெருவின் மேல்மாடியில் குடியிருக்கும் வயதானவர் அதில் வரமாட்டார். டச்சு தெரிந்த வகுப்புத் தோழரைக் கூட்டிக்கொண்டு, செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு முறை போய்ப் பாருங்கள். கேள்வியையும் மாற்றுங்கள். "சுற்றுலாப் பயணிகளை உங்களுக்குப் பிடிக்குமா?" என்று கேட்டால் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். "கடைசியாக எந்த நாள் இந்தத் தெரு உங்களுக்குத் தொந்தரவாக இருந்தது, அன்று என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் உண்மையான சம்பவம் வரும். பதிவு செய்வதற்கு முன் ஒப்புதல் வாங்குவது கட்டாயம். ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் மாணவர் ஆய்வுக்கும் பொருந்தும். குழந்தைகளின் முகம் தெரியும் திருவிழாப் படங்களை அறிக்கையில் ஒட்டிவிடாதீர்கள்.

வகுப்பறையில்

குழு வேலைதான் இங்கே மூச்சு. கூட்டத்தில் ஒவ்வொருவரையும் "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்பார்கள். தலையாட்டிவிட்டு, இரவெல்லாம் உட்கார்ந்து மற்றவர்கள் பங்கையும் சேர்த்து எழுதிக் கொடுக்கும் தமிழ் மாணவர்களைப் பற்றி எனக்கு உண்மையிலேயே கவலை உண்டு. உழைப்பு அவர்களுடையதாக இருக்கும். ஆனால் குழு உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் மதிப்பிடும்போது "பேசவே இல்லை" என்று மதிப்பெண் குறையும். சம்மதம் இல்லையென்றால் அங்கேயே, எல்லோர் முன்னாலும் சொல்லலாம். ஆசிரியரிடமும் சொல்லலாம், பெரும்பாலும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அது அவமரியாதை ஆகாது.

மதிப்பெண் 1 முதல் 10 வரை. 5.5 எடுத்தால் தேர்ச்சி. 7 நல்ல மதிப்பெண், 8 மிக நல்லது, 9-ம் 10-ம் அபூர்வம். நூற்றுக்கு எழுபதுதானா என்று முதல் தேர்வில் அழுகிறவர்கள் உண்டு, வேண்டாம். ஊருக்குத் திரும்பி வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, மதிப்பெண் முறையை விளக்கும் பட்டப் பின்னிணைப்பையும் சேர்த்துக் கொடுங்கள்.

ஒரு கிரெடிட்டுக்கு நெதர்லாந்தில் 28 மணி நேர உழைப்பு என்று கணக்கு. வருடத்துக்கு 60 கிரெடிட், அதாவது 1,680 மணி நேரம். வகுப்பு வாரத்துக்குக் கொஞ்ச நேரம்தானே என்று பகுதி நேர வேலையில் மூழ்கிவிடுகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த மாணவர் வருடத்துக்கான கிரெடிட்டில் பாதியாவது எடுக்க வேண்டும். தக்க காரணம் இல்லாமல் குறைந்தால் கல்லூரி குடியேற்றத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். வேலைக்கும் வரம்பு உண்டு, வாரத்துக்கு 16 மணி நேரம், அல்லது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை முழு நேரம். அதற்கும் முதலாளி அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் கல்விப் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸில் குறுகிய காலக் கூட்டுப் படிப்புகளும் உண்டு. குறைந்தது மூன்று நாட்டுக் கல்லூரிகள் சேர்ந்து நடத்தும். நேரில் 5 முதல் 30 நாள், மீதி இணையவழி. போர்ச்சுகலுக்கோ ஸ்லோவேனியாவுக்கோ ஒரு வாரம் போகலாம் என்று சேர்ந்துவிட்டு, இணையவழிப் பகுதியில் ஆளே இல்லாமல் போவது அங்கே வழக்கமான தவறு. கிரெடிட் இரண்டுக்கும் சேர்த்துத்தான்.

வீடு, காகிதம், மொழி

வீடு கிடைப்பது நெதர்லாந்தில் மிகவும் கஷ்டம். அறையைப் பார்க்காமலே வாட்ஸ்அப்பில் படம் பார்த்து முன்பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் எல்லா வருடமும் இருக்கிறார்கள். நகராட்சியில் பதிவு செய்ய முடியாது என்று வீட்டுக்காரர் சொன்னால் அந்த அறை வேண்டாம். பதிவு இல்லையென்றால் குடிமக்கள் சேவை எண் கிடைக்காது, அது இல்லாமல் வங்கிக் கணக்கும் சம்பளமும் சிக்கலாகும். கல்லூரியின் விடுதிப் பட்டியலில் சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே பெயர் கொடுங்கள். வசிப்பு அனுமதிக்குக் குடியேற்றத் துறையிடம் உங்கள் சார்பில் விண்ணப்பிப்பது கல்லூரிதான். அதற்கென்று ஏஜென்டுக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

பட்டம் முடித்து மூன்று ஆண்டுகளுக்குள் ஒரு வருட வேலை தேடும் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அந்த வருடத்தில் வேலை செய்யத் தனி அனுமதி தேவையில்லை. ஆனால் சுற்றுலா, அருங்காட்சியகம், நகராட்சி, திருவிழா அமைப்பு என்று இந்தத் துறையின் பல வேலைகள் டச்சு மொழியில்தான் நடக்கின்றன. ஆங்கிலத்திலேயே படிப்பு முடிந்துவிடுவதால் இது கடைசி வரை உறைக்காது, பயிற்சிக்கால நேர்காணலில்தான் உறைக்கும். அதனால் முதல் பருவத்திலேயே கல்லூரியின் டச்சு வகுப்பில் சேருங்கள். சந்தைக்காரரிடமும் பக்கத்து வீட்டுக்காரரிடமும் தப்புத் தப்பாகவாவது பேசிப் பழகுங்கள். அவர்கள் ஆங்கிலத்துக்கு மாறினாலும் நீங்கள் மாறாதீர்கள்.