நோர்வேக்குப் புதிதாக வருபவர்களுக்கு: ஜக்கெட்டுக்கு முதல் உள்ளுடுப்பு

நோர்வேக்கு வந்திறங்கும் எம்மவர்கள் பலர் முதல் சம்பளத்திலேயே பெரிய ஜக்கெட் ஒன்றை வாங்கிவிடுவார்கள். முழங்கால் வரை நீளம், தொப்பியைச் சுற்றி ரோமம், பார்க்கவே சூடாக இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால் ஊரிலிருந்து கொண்டுவந்த பருத்தி பெனியன், அதற்குமேல் ஒரு ரீசேர்ட், கீழே ஜீன்ஸ். பஸ் தரிப்பில் நின்று வேலைக்குப் போய்வர இது போதும். பிள்ளைகளோடு பனியில் சறுக்கவோ காட்டுக்குள் நடக்கவோ போகும் நாளில் போதாது. கையில் காசு குறைவு என்றால் ஜக்கெட்டில் மிச்சம் பிடியுங்கள். தோலோடு ஒட்டிக் கிடக்கும் அந்த மெல்லிய உடுப்பில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

வெளியில் ஓடியாடும்போது ஆளை விறைக்க வைப்பது பெரும்பாலும் சொந்த வியர்வைதான். ஏற்றத்தில் நடந்தால் மைனஸ் 10 இலும் முதுகு வியர்க்கும். பருத்தி அந்த ஈரத்தைக் குடித்துவிட்டு இலேசில் விடாது. நடந்துகொண்டிருக்கும் வரை தெரியாது. தேநீர் குடிக்க ஓரிடத்தில் நின்றவுடன் தெரியும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்துவதால் ஈர பெனியன் உடம்புச் சூட்டை உறிஞ்சி எடுத்துவிடும். கம்பளி அப்படியல்ல. கம்பளி நூல் தன் நிறையில் மூன்றில் ஒரு பங்கு அளவு ஈரத்தை இழைக்குள்ளேயே வாங்கி வைத்திருக்கும், தோலுக்கு ஈரம் தெரியாது. இழைகள் சுருள் சுருளாக இருப்பதால் இடையில் காற்று நிற்கும். அதனால்தான் நனைந்த பிறகும் கம்பளி ஓரளவு சூடு தருகிறது.

ஒஸ்லோவின் காய்ந்த மைனஸ் 10 ஐ விட மேற்குக் கரை நகரமான பேர்கனில் பிளஸ் 2 இல் பெய்யும் மழை மோசம் என்று அங்கே இருப்பவர்கள் சொல்வார்கள். உடுப்பு விஷயத்தில் அது உண்மைதான். பேர்கன் பக்கம் போகிறவர்களுக்குக் கம்பளி இன்னும் முக்கியம்.

"கம்பளியா? ஐயோ, உடம்பெல்லாம் கடிக்குமே" என்பது நம்மவர்களிடம் வரும் முதல் பேச்சு. கடிக்கும் கம்பளி வேறு. இழை தடித்து 30 மைக்ரோனைத் தாண்டினால் (மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதன் நுனி வளையாமல் தோலைக் குத்தும். மெரினோ ஆட்டின் இழை பெரும்பாலும் 24 மைக்ரோனுக்குக் கீழே. நல்ல உள்ளுடுப்புகள் 17 முதல் 19 மைக்ரோன் இழையில் செய்யப்படுகின்றன. தோலைத் தொட்டதும் வளைந்துவிடும், குத்தாது. கடையில் தொட்டுப் பார்ப்பதென்றால் உள்ளங்கையால் பார்க்காதீர்கள், அந்தத் தோல் தடிப்பு. கழுத்தில் அல்லது முழங்கையின் உள்பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

லேபிளைப் புரட்டிப் பார்ப்பதும் அவசியம். பெட்டியின் முன்பக்கத்தில் பெரிதாக "உல்", அதாவது கம்பளி என்று எழுதியிருக்கும், உள்ளே சிறிய எழுத்தில் பாதி அக்ரிலிக் என்ற செயற்கை நூல் என்று இருக்கும். உல்பிளாண்டிங் என்று போட்டிருந்தால் கலப்புக் கம்பளி. கலப்பு எல்லாமே கூடாது என்றில்லை. கொஞ்சம் பொலியமைட் (நைலோன் வகை நூல்) சேர்ந்தால் உடுப்பு நீண்டநாள் உழைக்கும். கால்மேசுக்கு அது வேண்டியதும்கூட. அக்ரிலிக்கோ பருத்தியோ பாதி கலந்ததைத்தான் கம்பளி விலைக்கு வாங்கக்கூடாது.

அடுத்தது தடிப்பு. சதுர மீற்றருக்கு எத்தனை கிராம் என்று போட்டிருப்பார்கள். 150 அளவு என்றால் ஓடுவதற்கும் வேகமாகச் சறுக்குவதற்கும். 200 எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள். 250 உம் அதற்கு மேலும் அசையாமல் நிற்பவர்களுக்கு: பிள்ளையின் சறுக்கல் வகுப்பை ஓரத்தில் நின்று பார்க்கும் அப்பாமாருக்கு, பனியில் துளை போட்டு மீன் பிடிக்கிறவர்களுக்கு. தடித்த ஒன்றைவிட மெல்லிய இரண்டு நல்லது என்பது என் கட்சி, சூடானால் ஒன்றைக் கழற்றலாம். மீன்வலை மாதிரிப் பின்னிய உள்ளுடுப்பு ஒன்றும் இங்கே உண்டு. வீட்டில் போட்டுக் காட்டினால் சிரிப்பார்கள். ஆனால் அந்தக் கண்களில் நிற்கும் காற்றுதான் வேலை செய்கிறது, கிண்டலைப் பொருட்படுத்தாமல் வாங்கலாம்.

உடுப்பு உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் வியர்வையை இழுக்காது, குனியும்போது முதுகில் காற்றுப் புகும். மேலாடை இடுப்புக்குக் கீழே இறங்கி, காற்சட்டைக்குள் செருகக்கூடிய நீளத்தில் இருக்கட்டும். இதற்கு மேலே பிளீஸ் எனப்படும் செயற்கை நூல் மேலாடை அல்லது கம்பளிச் சுவெற்றர், அதற்கு மேலே காற்றுப் புகாத ஜக்கெட். வீட்டை விட்டு இறங்கும்போது கொஞ்சம் குளிர்கிற மாதிரி இருந்தால் அளவு சரி. கதகதப்பாக இருந்தால் கொஞ்சத் தூரத்திலேயே வியர்க்கும்.

ஒஸ்லோவில் இதைச் சோதிக்க நல்ல இடம் கொர்கதிரெக்கரன் என்ற சறுக்குப் பாதை. பனிக்காலத்தில் புரொக்னசேத்தரனிலிருந்து மிட்ஸ்தூவன் வரை சுமார் 2 கிலோமீற்றர் சறுக்குவண்டியில் இறங்கலாம், பிறகு 1 ஆம் இலக்க மெற்றோவில் ஏறி மேலே வந்து மறுபடி இறங்கலாம். சூடான பெட்டிக்குள் வியர்த்து, வெளியே வந்து காற்றில் பாய்ந்து, திரும்பவும் பெட்டிக்குள். ஜீன்ஸ் போட்டு வந்தவர்கள் இரண்டாம் தரம் இறங்கியதும் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்பார்கள். ஆகவே மேலே மட்டும் வாங்கி நிறுத்தாமல் காலுக்கும் வாங்குங்கள்.

பிள்ளைகளுக்கு இது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பார்னஹாகே எனப்படும் பாலர் பாடசாலையில் மழையோ பனியோ நாளாந்தம் வெளியே விடுவார்கள், கொண்டுவர வேண்டிய பொருட்களில் கம்பளி உள்ளுடுப்பு இருக்கும். அளவு பிள்ளையின் உயரத்தைச் சென்ரிமீற்றரில் பார்த்து வரும்: 98/104, 110/116 என்று. வளர்கிற பிள்ளை என்று இரண்டு அளவு பெரிதாக எடுத்தால் தொளதொளத்துப் பயனில்லாமல் போகும். பெயர் எழுதி ஒட்டுங்கள், எல்லாப் பிள்ளைகளின் உடுப்பும் ஒரே மாதிரித்தான் இருக்கும். பிள்ளைக்குக் குளிர்கிறதா என்று அறியக் கையையோ மூக்கையோ தொட்டுப் பார்க்காதீர்கள், அவை எப்படியும் குளிர்ந்துதான் இருக்கும். பிடரியில் சட்டைக்குள் இரண்டு விரல்களை விட்டுப் பாருங்கள். சூடாகவும் காய்ந்தும் இருந்தால் சரி. பிசுபிசுத்தால் உடுப்புக் கூடிப்போய்விட்டது. நம் வீடுகளில் பெரும்பாலும் இந்தப் பிழைதான் நடக்கும்; அம்மம்மா வீடியோ அழைப்பில் "பிள்ளைக்கு இன்னொன்று போட்டுவிடு" என்பார், நாமும் போட்டுவிடுவோம்.

கோயிலுக்கோ கொண்டாட்டத்துக்கோ சேலையோடு போகிறவர்கள் பாவாடைக்குள் மெல்லிய கம்பளிக் காற்சட்டை போடலாம், வெளியே தெரியாது. கோயிலில் சப்பாத்தைக் கழற்றும்போது கம்பளிக் கால்மேசின் அருமை தெரியும்.

தோய்ப்பதில்தான் பலர் உடுப்பைக் கெடுக்கிறார்கள். கம்பளி ஒரு புரதம். சாதாரண சலவைத்தூளில் கறை போக்கச் சேர்க்கும் நொதிகள் அந்தப் புரதத்தையும் அரிக்கும். கடைகளில் மிலோ போன்ற கம்பளிக்கான திரவம் கிடைக்கும், அதைப் பாவியுங்கள். மெஷினில் கம்பளிக்கான புரோகிராம், லேபிளில் உள்ள வெப்பநிலை, அவ்வளவுதான். மென்மையாக்கி ஊற்ற வேண்டாம். லேபிள் அனுமதிக்காவிட்டால் உலர்த்தும் மெஷினிலும் போட வேண்டாம். போட்டால் பெரியவரின் சட்டை பிள்ளையின் சட்டையாகத் திரும்பி வரும். தட்டையாக விரித்துக் காயவிடுங்கள்.

ஒவ்வொரு தரமும் தோய்க்கவும் தேவையில்லை. கம்பளியில் வியர்வை நாற்றம் சீக்கிரம் பிடிக்காது. இரவில் பல்கனியில் தொங்கவிட்டால் காலையில் மறுபடி போடலாம். வெங்காயமும் கருவேப்பிலையும் தாளிக்கும் வாசம் மட்டும் நன்றாகவே பிடிக்கும், அதனால் சமையலறைப் பக்கம் காயப்போடாதீர்கள்.

விலையைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். நத்தார் கழிந்த விற்பனையிலும் வசந்தம் தொடங்கும்போதும் நன்றாக இறங்கும். 1853 இல் தொடங்கிய டெவோல்ட், பேர்கன் பக்கத்து யானுஸ் போன்ற பழைய நிறுவனங்களின் உடுப்புகள் பாவித்த நிலையில் ஃபின் என்ற இணையத்தளத்திலும் ஃப்ரெதெக்ஸ் என்ற பழைய பொருள் கடைகளிலும் வரும். பிள்ளைகள் சீக்கிரம் வளர்ந்துவிடுவதால் அவர்களின் அளவில் அதிகம் தேயாத உடுப்பே கிடைக்கும். வாங்குமுன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கக்கமும் முழங்காலும் நைந்திருந்தால் விட்டுவிடுங்கள். ஊசி குத்தியது போலச் சிறு ஓட்டைகள் அங்கங்கே இருந்தால் அந்துப்பூச்சி. பார்வைக்கு நன்றாக இருந்தாலும் சந்தேகமென்றால் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் உறைபெட்டியில் வைத்து எடுத்த பிறகே அலுமாரிக்குள் வையுங்கள்.