நோட்டரி அலுவலக ஊழியருக்காகப் பேசுவது யார்? ஐரோப்பாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நோட்டரி என்றதும் தமிழ்நாட்டில் கோர்ட் வாசலில் முத்திரை குத்தும் வக்கீல்தான் நினைவுக்கு வருவார். பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் அவர் வேறு ரகம். வீட்டுப் பத்திரம், உயில், திருமண ஒப்பந்தம் எல்லாம் அவர் மேஜைக்கு வரும். உறுதி எழுதும் நொத்தாரிசைப் பார்த்த யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். அந்தப் பத்திரங்களைத் தயாரிக்கும் எழுத்தர்கள், கணக்கர்களுக்காகப் பேசுவது யார் என்பதில்தான் குழப்பம்.

நோட்டரிகளின் சபை தங்களுக்கும் சேர்த்துப் பேசும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். பிரஸ்ஸல்ஸில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நோட்டரிகள் கவுன்சிலில் 22 நாடுகளின் நோட்டரி அமைப்புகள் இருக்கின்றன. ஆனால் அது நோட்டரிகளின் குரல். சம்பளப் பேச்சு என்று வந்தால் எதிர்ப்பக்கம் உட்காருபவரும் நோட்டரிதான்.

பல நாடுகளில் கிளை பரப்பிய நிறுவனங்களில் ஊழியர் கருத்தைக் கேட்க அமைக்கும் ஐரோப்பிய அளவிலான தொழிலாளர் குழுவை நம்பியிருப்பதும் வீண். அதற்கு ஒரு நிறுவனத்தில் 1,000 ஊழியர்களும், குறைந்தது இரண்டு நாடுகளில் தலா 150 பேரும் வேண்டும். ஏழெட்டுப் பேர் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு அது எட்டாக்கனி. உள்நாட்டு விதிகள்தான் கைகொடுக்கும். அலுவலக ஊழியர் குழு அமைக்க ஜெர்மனியில் 5 பேர் போதும், பிரான்ஸில் 11 பேர் வேண்டும்.

ஜெர்மனியில் இன்னொரு மயக்கம் உண்டு. ரெனோ என்பது வக்கீல், நோட்டரி அலுவலக ஊழியர்களின் தொழில்முறைச் சங்கம். வெர்டி என்பது தொழிற்சங்கம். முன்னதில் சேர்ந்துவிட்டு, பின்னது செய்யும் ஊதியப் பேரத்தை எதிர்பார்க்கக் கூடாது.

பிரான்ஸில் சம்பளச் சீட்டைப் படிக்காமல் மடித்து வைப்பதைத்தான் பெரிய தவறு என்பேன். எந்தக் கூட்டு ஒப்பந்தம் (தொழிற்சங்கங்களும் முதலாளிகள் தரப்பும் துறை முழுவதுக்கும் போட்டுக்கொள்வது) பொருந்தும் என்று அதிலேயே இருக்கும்; நோட்டரி துறைக்குத் தனி ஒப்பந்தம், எண் 2205. பக்கத்தில் உங்கள் தரநிலையும் புள்ளிகளும் இருக்கும். ஒரு புள்ளிக்கு இவ்வளவு என்று பெருக்கித்தான் அடிப்படைச் சம்பளம் வரும். தனியாகப் பத்திரம் வரையும் ஒருவர் ஆரம்பநிலைத் தரத்திலேயே கிடந்தால், மாதாமாதம் நஷ்டம் அவருக்குத்தான். ஓய்வூதியத்திலும் பழைய சீனியர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். 1937-இல் தொடங்கிய இத்துறையின் தனி ஓய்வூதியத் திட்டத்தில், 2023 செப்டம்பர் 1 முதல் வேலைக்குச் சேர்பவர்களுக்கு இடமில்லை.

வேலையை விட்டு நீக்கினால், பேசித் தீர்க்கலாம் என்று நாள் கடத்தக் கூடாது. வழக்குப் போட ஜெர்மனியில் 3 வாரம், ஸ்பெயினில் 20 வேலை நாள், பிரான்ஸில் 12 மாதம்தான் கெடு.

கடைசியாக, கோபத்தில் பலர் சறுக்கும் இடம்: கூடுதல் நேரம் உழைத்ததற்கு ஆதாரமாக வாடிக்கையாளர் கோப்பைப் பிரதி எடுத்துச் சங்கத்திடம் கொடுப்பது. பெயரை மை பூசி மறைத்தாலும், தெருவும் விலையும் சொத்து யாருடையது என்று காட்டிக்கொடுத்துவிடும். தொழில் ரகசியத்தை மீறுவது பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் குற்றம், ஊழியருக்கும் விலக்கில்லை. வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், நீங்களே தினமும் குறித்து வைத்த வேலை நேரக் குறிப்பு ஆகியவற்றைக் கொண்டு போங்கள்.