நாய்க்குத் தோல் அரிப்பா? ஓட்ஸ் குளியல் இப்படிப் போடுங்கள்

எங்கள் நாய் மூன்று ராத்திரி தூங்கவே இல்லை. வயிற்றையும் தொடையிடுக்கையும் நக்கி நக்கிப் புண்ணாகும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டது. அதற்கு இதம் தந்தது ஓட்ஸ் குளியல்தான்.

முதலில் தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். சீப்பால் வாரும்போது விழும் கருந்துகள்களை ஈரமான வெள்ளைத் துணியில் வையுங்கள். செம்பழுப்பாக ஊறினால் அது பூச்சியின் எச்சம். அதைப் போக்கும் மருந்து போடாமல் எத்தனை முறை குளிப்பாட்டினாலும் அரிப்பு திரும்ப வரும்.

சரி, குளியலுக்கு வருவோம். சர்க்கரையோ வாசனையோ சேர்க்காத வெறும் ஓட்ஸ் ஒரு கப். இதை அரைப்பதில்தான் நான் தவறினேன். முதல் தடவை ரவை பதத்திலேயே விட்டுவிட்டேன். எல்லாம் அடியில் தங்கி, மீதி முடியில் சிக்கிக்கொண்டது. மாவு போல நைசாக வேண்டும். மிக்ஸியின் சின்ன ஜார்தான் இதற்குச் சரி, பெரிய ஜாரில் ஓரமெல்லாம் ஒட்டிக்கொள்ளும். அரைத்ததில் ஒரு ஸ்பூனை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கிப் பாருங்கள். பால் போல வெளுத்து, தொட்டால் வழவழப்பாக இருக்க வேண்டும். அடியில் படிந்தால் மறுபடி அரையுங்கள்.

தொட்டால் சூடே தெரியாத வெதுவெதுப்பான நீரில் மாவைக் கரையுங்கள். சூடு அதிகமானால் அரிப்பும் கூடும். ஷவரை விட மக்தான் நல்லது, நாய் மிரளாது. அரிக்கும் இடத்தில் 10 நிமிடம் ஊற்றிக்கொண்டே இருங்கள். அப்புறம் வெறும் நீரில் அலசி, துண்டைத் தேய்க்காமல் ஒற்றியெடுங்கள். நாம் குளிக்கும் சோப்பு வேண்டாம்; அதன் தோலுக்கு அது ஒத்துவராது.

முடி ஒட்டிப்போய் ஈரம் கசியும் சிவந்த புண் இருந்தால் இந்தக் குளியல் வேண்டாம். சுற்றியுள்ள முடியைக் கத்தரித்து, கொதித்து ஆறிய அரை லிட்டர் நீரில் ஒரு டீஸ்பூன் உப்புக் கரைத்துத் துடையுங்கள். நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டுங்கள். டீ ட்ரீ எண்ணெய், ஜிங்க் ஆக்சைடு களிம்பு இரண்டையும் தொடவே தொடாதீர்கள். நாய்க்கு அவை விஷம்.

பின்சேர்க்கை: குளித்த பிறகு பாதத்தை நக்குகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். விரலிடுக்கில் ஈரம் தங்கியிருக்கலாம். ஒவ்வொரு இடுக்காகத் துடையுங்கள். சோற்றுக்கற்றாழை பற்றியும் கேட்டிருந்தார்கள். கற்றாழைத் தோலுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் பாலை நாய் நக்கினால் பேதியாகும் என்பதால் நான் பயன்படுத்துவதில்லை.

சீழ், துர்நாற்றம், திட்டுத்திட்டாக முடி கொட்டுதல், அல்லது வீட்டில் உங்களுக்கும் அரிப்பு தொடங்கினால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். சிலவகைச் சொறி மனிதருக்கும் தொற்றும்.